மூன்று நிமிடம்

கொவன்ட்ரி நூலகத்தின் மேல்மாடியில்
சனிக்கிழமைகளில் எங்களுக்குப் பேசப் பழக்குகிறார்கள்.

பேச எனக்கு வராதென்று யார் சொன்னது?
பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில்
இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளை
ஒரு கரண்டித் தட்டலில் வரிசைக்குக் கொண்டுவருபவள் நான்.
இது வேறு பேச்சாம்.
நகரசபைக்கு முன்னால், மூன்று நிமிடம்.
முதலில் ஓர் எண். பிறகு ஒரு முகம்.
பிறகு, என்ன வேண்டும் என்று ஒற்றை வரி.
"கெஞ்ச வேண்டாம்,
நன்றி சொல்லியே நேரத்தைத் தின்ன வேண்டாம்"
என்கிறாள் இமோஜென்.
என் கடைசித் தங்கையின் வயதுகூட இருக்காது அவளுக்கு.

லொறி ஓட்டும் டாரியுஷ் எண்ணை மறந்துவிடுவான்.
ஹோதான் எழுந்தாலே ஏழு நிமிடம்.
நான் ஒவ்வொரு முறையும்
"மன்னிக்கவும்" என்றுதான் தொடங்குகிறேன்.
யாரிடம், எதற்கு என்று கேட்டாள்.
நாக்குக்குப் பழகிவிட்டது, வேறொன்றுமில்லை.

எண் என்னிடம் உண்டு: எட்டு.
மயக்க ஊசி போட்டு
ஒரே காலையில் என் மகளிடமிருந்து எடுத்த பற்கள்.
இன்னொன்றும் உண்டு: பதினான்கு.
அந்தக் காலைக்காக நாங்கள் காத்திருந்த மாதங்கள்.
புதிதாகப் பதிய இடமில்லை என்று
பத்தொன்பது பல் வைத்தியர்கள் கைவிரித்ததை
மின்சாரக் கட்டணத் தாளின் பின்புறம்
திகதியோடு எழுதி வைத்திருந்தேன்.
பார்த்ததும் இமோஜென்
"இதுதான் ஆதாரம்" என்று துள்ளினாள்.
நான் அதை அழுகை என்று நினைத்திருந்தேன்.

ஒன்றை மட்டும் விட்டுவிடச் சொன்னாள்:
இரவு வேலைக்குப் போன நாட்களில்
போத்தல் பாலில் நான் சீனி போட்டதை.
"பொய் சொல்லச் சொல்லவில்லை.
ஆனால் அதையே பிடித்துக்கொண்டு தொங்குவார்கள்."

வீட்டில் ஒத்திகை.
மதுஷா கைபேசியில் நேரம் பிடித்தாள்.
முடிந்ததும் "த்தொப்!" என்றாள்.
பல் போனால் சொல் போச்சு என்பது
கிழவர்களுக்கான பழமொழி என்றிருந்தேன்.
ஏழு வயதில் இவளுக்கு ஸகரமே போய்விட்டது.
வகுப்பு ஆசிரியை மிஸ் ஸ்பென்ஸரை
இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை.
கையை மட்டும் தூக்குகிறாளாம்.

செவ்வாய்க்கிழமை.
மேசையில் பச்சை விளக்கு.
எண் சொன்னேன். முகம் சொன்னேன்.
பள்ளிதோறும் ஆண்டுக்கு இருமுறை
பல் பார்க்க ஆள் வேண்டும் என்றேன்.
மன்னிக்கவும் என்று தொடங்கவில்லை.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி ஓர் உறுப்பினர்:
"பெற்றோருக்கும் பொறுப்பு உண்டல்லவா?"

பின்வரிசையில் டாரியுஷின் கதிரை கிறீச்சிட்டது.
இமோஜென் நிலத்தைப் பார்த்தாள்.
சிவப்பு எரிய
இன்னும் நாற்பது விநாடி இருந்தது.

"உண்டு ஐயா. சீனி போட்டது நான்தான்.
அந்தக் கணக்கு என்னுடையது,
வட்டியோடு கட்டிக்கொண்டிருக்கிறேன்.
பதினான்கு மாதம் யாருடைய கணக்கு?"

மஞ்சள்.
யாரோ இருமினார்கள்.
சிவப்பு.
கை தட்ட அங்கே அனுமதியில்லை.

கூட்டக் குறிப்பில் பிறகு வாசித்தேன்:
'பல் நலம் குறித்து ஒரு குடியிருப்பாளர் பேசினார்.
விடயம் மார்ச் மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.'
ஒரு குடியிருப்பாளர்.
பெயருமில்லை, எட்டுமில்லை.
ஹோதான் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு
"மார்ச்சில் நான்" என்று எழுதி அனுப்பினாள்.
மூன்று நிமிடத்துக்குள் முடிப்பாளாம். பார்க்கலாம்.

இன்று சாப்பாட்டுக் கூடத்தில் அப்பிள்.
இரண்டாம் வகுப்பு வரிசையில் ஒருவன்
இடது பக்கத்தால் மட்டுமே மெல்லுகிறான்,
ஒரு கண்ணைச் சுருக்கியபடி.
அவனுக்கு மட்டும் தாள்போல மெல்லிசாய்ச் சீவினேன்.
எத்தனை நாளாய் என்று கேட்டேன்.
விரல்களை விரித்துப் பார்த்துவிட்டு
போதாதென்று மடக்கிக்கொண்டான்.

வரிசை நீண்டு நிற்கிறது.
கையுறையைக் கழற்றி
மேலங்கிப் பையில் பேனையைத் தேடுகிறேன்.