நான்கு நொடிக் கை

நள்ளிரவுக்கு மேல்தான் அந்தப் படத்தைப் போடுகிறார்கள்,
வருஷத்துக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு.
வைத்திக்குப்பத்தில் கரண்ட் இருந்தால் பார்ப்பேன்.

கதை உனக்குத் தெரியும்.
கடலுக்குள் போனவன் பத்து வருஷத்துக்கு ஓர் இரவு
கரையேறி வருவான். அதே சட்டை, அதே இருபத்தெட்டு.
அவளுக்கு மட்டும் வயதாகும்.
கடைசி முறை வந்து கதவைத் தட்டும்போது
அவளுக்கு எழுபது.
"நான் அவளோட அம்மா.
அவ பாரீசுக்குப் போயிட்டா" என்கிறாள்.
அவன் திரும்பிப் போகிறான்.
நம்பித்தான் போனானா என்று
படம் சொல்லாது.

எண்பத்தேழு மார்கழி.
கதாநாயகி மெட்ராஸிலிருந்து வந்து சேரவில்லை.
தாடை அதே அளவு என்று
கூட்டத்தில் நிற்க வந்த என்னைப் பிடித்து
உட்கார வைத்தார் மேக்கப் குருவப்பன்.
மூன்று மணி நேரம்.
ரப்பர் பால், டிஷ்யூ காகிதம், மூக்கில் ஏறும் பசை நெடி,
தலைக்கு வெள்ளைப் பொடி.
சிரிக்காதே, வெடிச்சுடும் என்றார்.

துய்மா வீதியில் ஒரு மஞ்சள் வீட்டு வாசல்.
எதிரே நீ தெர்மோகோல் பலகையைச் சாய்த்து
என் முகத்துக்கு வெயிலைத் திருப்பிக்கொண்டிருந்தாய்.
ஒரு வாரமாக நீ பார்ப்பதும்
நான் பார்க்காததுபோல் பார்ப்பதும்
யூனிட் முழுக்கத் தெரிந்த சங்கதி.

பிரேக் விட்டதும் கிட்டே வந்தாய்.
"பாட்டி, டீ குடிக்கிறியா?"
நான் சிரிக்கக் கூடாது.
நெற்றிச் சுருக்கங்களை ஒற்றை விரலால் எண்ணினாய்.
ஐந்து.
"கடைசியில இப்படித்தான் ஆவியா?
சரி போ. எனக்குச் சம்மதம்."

தேசிங்கு,
பெண் பார்க்க வந்தவர்கள் என்னை
நடக்கச் சொன்னார்கள், ஒருவன் பாடச் சொன்னான்.
நீதான் என் எழுபது வயதைப் பார்த்துவிட்டுச்
சரி என்றவன்.
ரப்பரை உரித்தபோது
இடது புருவத்தில் பாதி அதோடு போயிற்று.
கல்யாண போட்டோவில் இருப்பது
மையால் வரைந்த புருவம்.

மறுநாள் அவள் வந்துவிட்டாள், படம் அவளுடையது.
கதவைச் சாத்தும் கை மட்டும்
எடிட்டிங்கில் எப்படியோ தங்கிவிட்டது.
நான்கு நொடி.
தியேட்டரில் அந்த இடத்தில் நீ விசில் அடித்தாய்.
அழுதுகொண்டிருந்த முன்வரிசை திரும்பித் திட்டியது.

அப்புறம் ஒன்பது வருஷம்.
அதில் மாயம் ஒன்றும் இல்லை.
சீட்டுப் பணம், ஒரு பையன், ஒழுகும் ஓடு, உன் குறட்டை.
பிறகு மஞ்சள் காமாலை, ஜிப்மரில் பதினோரு நாள்.
கீழாநெல்லி அரைத்த அம்மி காய்வதற்குள்.

முப்பத்தாறில் நின்றுவிட்டாய்.
வரும் ஆவணியில் பையனுக்கும் முப்பத்தாறு.
அதற்கடுத்த ஆவணியில்
அவன் உனக்கு அண்ணன்.

குருவப்பன் கணக்கில் பிசகு.
நெற்றியில் எனக்கு இரண்டே கோடு,
மிச்சமெல்லாம் வாயோரம் இறங்கிவிட்டன.
கன்னத்தில் அவர் வைக்காத ஒரு கருந்திட்டு.
நீ சம்மதம் சொன்னது
இந்த முகத்துக்கு இல்லை.
அதைச் சொல்லிவிடலாம் என்று
சில சாயங்காலம் கடல்வரை போகிறேன்.
கரை நெடுகக் கருங்கல்லைக் கொட்டியிருக்கிறார்கள்.
ஏறி வர நினைப்பவனுக்கு வழுக்கும்.

இன்றைக்குப் போட்டார்கள்.
நடுவில் நகைக்கடன் விளம்பரம் மூன்று தடவை.
பிறகு அந்தக் கதவு.
டிவிக்குப் பக்கத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன்.
கை மட்டும் சரியாக வந்திருக்கிறது,
நரம்புக்கு நரம்பு.

ஒருவேளை நீ தட்டினால்
பாரீஸ் பொய்யெல்லாம் எனக்கு வராது.
பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை.
காலையில் வாங்கிய பால் பாதி இருக்கிறது.
பேராண்டி, டீ குடிக்கிறியா என்பேன்.