மூன்றாவது டஜன்

ஹேங்கர் குளிர்பெட்டியில் எனக்கென்று
ஒரு டஜன் முட்டைகள் இருக்கின்றன.
முதல்முறை தனியாகப் பறந்து இறங்குகிறவர் தலையில்
அவற்றை உடைப்பது இந்தப் பக்கத்து வழக்கம்.
தூவுவதற்கு மாவு, ஊற்றுவதற்கு அரை வாளி கழிவெண்ணெய்,
எல்லாம் தயார்.
செப்டம்பரில் வாங்கிய முதல் டஜனைக்
காற்று தின்றது.
காற்றைப் பார்த்தபடி நாங்கள் தின்றோம் என்று
திருத்திக்கொள்கிறேன்.

படகோனியாவில் காற்றுதான் வீட்டுக்காரர்,
நாங்கள் வாடகைக்கு.
ஆண்டிஸ் பக்கமிருந்து புறப்பட்டு வந்து
ஓடுபாதைக்குக் குறுக்கே காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும்.
பத்து மணிக்குப் பறக்கவேண்டும் என்றால்
ஒன்பதே முக்காலுக்கு லிசாந்த்ரோவின் செய்தி வரும்:
இருபத்திரண்டு நாட், குறுக்கே. நாளை பார்க்கலாம், நெரிஸ்.
அந்த நாளையை மட்டும்
நகலெடுத்து ஒட்டுகிறான் என்று எனக்குச் சந்தேகம்.

அவனுக்கு இருபத்து நான்கு வயது.
எனக்கு நாற்பத்தொன்பது.
என் பள்ளிப் பேருந்தில் மூன்றாம் வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்து
ஆற்று வளைவில் தவறாமல் வாந்தி எடுத்த பிள்ளை.
இப்போது என் வலப்பக்கம் அமர்ந்து
மூக்கைத் தூக்குங்கள், இன்னும், இன்னும் என்கிறான்.
பிளாஸ்டிக் பை கொண்டுவரட்டுமா என்று ஒருநாள் கேட்டேன்.
சிரிக்கவில்லை.
உயரமானியைச் சுட்டுவிரலால் தட்டினான்.

இரண்டாவது டஜன் முழுக்க என் குற்றம்.
நவம்பரில் ஒன்பது நாட்கள் காற்று விடுப்பில் போனது.
நான் இறக்கினேன், விமானம் எழும்பியது.
மறுபடி இறக்கினேன்,
வேலியைத் தாண்டும் குவனாக்கோ குட்டிபோல் மறுபடி எழும்பியது.
இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டிய இடுப்பு இது,
தரையை நன்றாகத் தெரியும் அதற்கு.
ஆனால் அதற்குத் தெரிந்தது
சக்கரத்துக்குக் கீழே எப்போதும் இருக்கிற தரை.
வந்து சேரவேண்டிய தரை வேறு.
அதன் பக்கத்தில் போய்
இறங்க மறுத்துக்கொண்டே இருக்கவேண்டும்,
அதுவாக வந்து தொடும்வரை.
கைக்கு இது விளங்க நூற்று நாற்பது தடவை ஆயிற்று.
ஒவ்வொரு தடவைக்கும் பெட்ரோல் காசு.
குளியலறைக் கூரை இன்னும் ஒழுகுகிறது.

பிள்ளைகள் படியேறும்போதே கேட்கிறார்கள்:
தனியாப் போயாச்சா?
இல்லை.
நேத்தும் இல்லையா?
பெல்ட்டைப் போடு.

இன்று விடிகாலை ஐந்தரை.
காற்றுப்பை கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது,
பிழிய மறந்த துணி.
மூன்று சுற்று போனோம்.
மூன்றிலும் சக்கரம் தரையோடு ரகசியம் பேசியது.
லிசாந்த்ரோ காதுக்கருவியைக் கழற்றினான்.
கதவைத் திறந்து இறங்கி,
தன் காலி இருக்கைக்குப் பெல்ட்டை மாட்டிப் பூட்டினான்.
ஒரே ஒரு சுற்று, என்றபோது
ஆற்று வளைவு வந்ததுபோல் முகம் வெளுத்திருந்தது.
புல்லில் நடந்து போனான், திரும்பிப் பார்க்காமல்.
எனக்கு முன்னால் ஓடுபாதை முழுவதும் இருந்தது.
வேறு யாரும் இல்லை.

மேற்கே பாப்லர் வரிசை.
கடைசி மரத்தின் உச்சி மட்டும்
இலைகளின் வெள்ளைப் பக்கத்தைக் காட்டியது.
மற்ற மரங்கள் அசையவில்லை.
காற்றுப்பை அசையவில்லை.

பிறகு அடுத்த மரம்.

ஒரு சுற்றுக்கு ஆறு நிமிடம்.
கணக்கு எனக்குத் தெரியும்.
தெரியாதவள்போல் இருந்துவிடவும் முடியும்,
த்ராட்டில் மேல் கை ஏற்கெனவே போயிருந்தது.
கன்னத்துக்குள் நாக்கு உலர்ந்தது.
மூன்றாவது மரம் வெளுக்கட்டும் என்று
இல்லாத ஒரு விதியை நானே போட்டு, நானே அழித்து,
எரிபொருள் குமிழை இழுத்தேன்.
இன்ஜின் இருமி நின்றது.

பாதி வழியில் அவன் நின்றான்.
அதற்குள் அவன் தலைமுடி
ஒருபக்கமாகக் கிளம்பியிருந்தது.
ஏன் என்று கேட்கவில்லை.
இரண்டு பேரும் இறக்கைகளைக் கயிறு போட்டுக் கட்டினோம்.
என் முடிச்சுகளை இழுத்துப் பார்ப்பவன்,
இன்று பார்க்காமலே போனான்.
காற்று இழுத்துப் பார்த்தது.

ஏழு மணிக்குப் பேருந்தை எடுக்கவேண்டும்.
ஹேங்கரில் வாணலியை அடுப்பில் வைத்துவிட்டு,
குளிர்பெட்டிக் கதவைப் பிடித்தபடி கேட்டான்:
எத்தனை?

நான்கு போதும், என்றேன்.
எட்டை விட்டுவை.