இரண்டரைக்கு மேல்

திசையன்விளைக் கிட்டங்கியில்
நிலாவாரை வந்து இறங்குகிறது.
ஆடு மோந்துவிட்டு விலகிப்போகும் இலை.
தேரி மண்ணில்
மழையை அதிகம் கேட்காமல் வளர்ந்தது.

ஒரு கிராம் பொடித்து
மெத்தனாலில் ஊறவைத்து
இயந்திரத்துக்குக் கொடுத்தேன்.
பன்னிரண்டாம் நிமிடம் ஒரு முகடு,
பதினைந்தில் இன்னொன்று.
சென்னோசைடு, இரண்டு புள்ளி ஆறு.
இரண்டரைக்கு மேல் என்றால்
கிலோவுக்கு நாலு ரூபாய் கூடும்.
குறைந்தால் மூட்டை வந்த வழியே போகும்.

பாக்கியபுஷ்பம் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இது எங்க தம்பி போவுது?"
"ஜெர்மனிக்கு. மலச்சிக்கலுக்கு."
சிரிப்பு அடங்க நேரமாயிற்று;
சாக்கின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எழுந்திருக்கையில்தான்,
மூன்று மாதம் குனிந்து உருவிய இடுப்பில்
கையை ஊன்றிக்கொண்டு,
"இதுக்கு அதுல ஒண்ணும் கெடையாதா?"

வரைபடத்தை மறுபடி பார்த்தேன்.
இரண்டு முகடுகளுக்கும் நடுவே
பெயர் வைக்காத சின்னச் சின்ன மேடுகள்.
இரைச்சல் என்று எழுதி
நாங்கள் தள்ளிவிடுபவை.

"யாரும் தேடலக்கா."

தராசில்
அடுத்த மூட்டையை ஏற்றிவிட்டார்கள்.