வாய்தா நாள்

மத்தியானத்துக்கு மேல்தான் கூப்பிடுவாங்களாம்.
கோர்ட்டிலிருந்து நடந்து
வ.உ.சி. பூங்காவுக்குள் போனேன்.

மலைப்பாம்புக் கூண்டில் பாம்பில்லை.
அதன் நீளம், எடை, உணவு சொல்லும் பலகை மட்டும்
பெயின்ட் உரிந்து.
கம்பிக்குள் நுழைந்த அணில் ஒன்று
காய்ந்த தொட்டியை மோந்துவிட்டு
அக்கட்டால வந்தது,
யாரையும் கேட்காமல்.

கூழைக்கடா முன்னால்
கர்ச்சீப்பைத் தலையில் போட்டபடி
நாச்சிமுத்து.
பெரியப்பன் மகன். பிரதிவாதி.
அரைக் கிணறு, பதினோரு வருசம்.

பார்த்தான்.
நிழலில் ஓராள் இடம் விட்டு நகர்ந்தான்.

'மீனே போடறதில்லையாட்ட இருக்குது'
பறவையைப் பார்த்துச் சொன்னான்.
'போடுவாங்க'
நானும் பறவையைப் பார்த்தே.

அது பைவாயை விரியத் திறந்து
சும்மா மூடிக்கொண்டது.

ஒன்றே முக்காலுக்கு அவன் கிளம்பினான்.
ஐந்து நிமிசம் கழித்து
நான்.