கலங்கல்

முடிச்சூர் தாண்டி, மணிமங்கலம் போகும் வழியில்
ஓர் ஓடையை மறித்து
படகு விடுவதற்கென்றே ஒருவர் கட்டிய அணை.
எண்பத்தாறில்.
கட்டியவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.
நிலம் மனையாகி, மனை வீடாகி,
ஏரி மட்டும் யார் பெயரிலும் ஏறாமல்
நூற்றுப் பதினாறு வீடுகளின்
மாதப் பராமரிப்புக் கணக்கில்
‘இதர செலவுகள்’ என்ற வரியில் கிடக்கிறது.

செயலாளர் ரங்கபாஷ்யம் வாட்ஸ்அப்பில் கேட்டார்:
“நல்லா இருக்குன்னு நாலு வரி போதும் மேடம்.
நோட்டீஸ் வந்திருக்கு.
மழை வலுக்கறதுக்குள்ள வேணும்.”

போனேன்.
கரைமேல் நடைபாதை போட்டிருக்கிறார்கள்.
கைக்கடிகாரத்தில் எட்டாயிரம் தப்படி காட்டிச் சிரித்தார் ஒருவர்.
அவர் நின்ற சரிவில் எலி வளைகள்.
பதினேழுவரை எண்ணினேன்,
அப்புறம் ஒரு வேப்பமரம் வந்தது.
அதன் வேர் எங்கே போய் நிற்கிறதென்று
மரத்துக்கே தெரிந்திருக்காது.

மதகுத் திருகில்
காவலாளி ஏகாம்பரத்தின் சட்டை தொங்குகிறது.
“இது திரும்பி நான் பாத்ததில்ல.
வந்து பதினோரு வருஷம் ஆவுது.”
நான் பிடித்துத் திருப்பினேன்.
துரு மட்டும் கையோடு வந்தது.

கடைசியில் கலங்கல்.
மிஞ்சிய தண்ணீர் வழிந்து போக
அணைக்கு வைத்த வாய்.
அதன்மேல் மூன்று வரிசை செங்கல், சிமென்ட் பூச்சு,
நீல வண்ணம், குதிக்கிற ஒரு டால்பின்.
கோடையில் படகு தரை தட்டியதாம்.
ஒன்றரை அடி ஆழம் கூடுதலாய் வேண்டி
வாயைக் கட்டியிருக்கிறார்கள்.
டால்பினுக்கு இந்தப் பக்கம்
நான்கு அன்னப் படகுகள் முட்டிக்கொண்டு.
ஒன்றுக்குக் கழுத்து இல்லை.
இன்னொன்றில் தவளை.

கரைக்கு அந்தப் புறம், அடிவாரத்தில்,
பூங்காவனம் துணி அலசிக்கொண்டிருந்தார்.
“ஊத்துங்க. பங்குனியிலயும் வத்தாது”
சொந்தக் கிணற்றைக் காட்டுவதுபோல் காட்டினார்.
தண்ணீர் கண்ணாடியாய் இருந்தது.
நான் கேட்க வந்ததைக் கேட்டேன்:
“என்னிக்காவது கலங்கலா வந்திருக்கா?”

“கலங்கலா? இல்லியே...
ஆங், போன செவ்வா.
ராத்திரி ஊத்துச்சே, அதுக்கு மறுநா.
பையன் யூனிஃபார்ம் சட்ட செவந்து போச்சு.
ரெண்டு வாட்டி சோப்பு போட்டேன்.”

தெளிந்து கசிந்தால் அது அணையின் வியர்வை.
கலங்கிக் கசிந்தால்
அணையே கிளம்பிவிட்டதென்று அர்த்தம்,
பிடிப் பிடியாக, சொல்லாமல்.
மேலே கலங்கலை மூடினால்
கீழே கலங்கலாய்த் திறந்துகொள்ளும்.
ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தவர்கள்
எந்த ஏரியின் கரையில் நின்றிருப்பார்களோ.

அன்றைய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்
காரில் முன்னால் வைத்தேன்.
தாம்பரம் நெரிசலில் முக்கால் மணி நேரம்.
தெளிவு என்று நினைத்தது
நகக்கண் அளவு செம்மண்ணாக
அடியில் உட்கார்ந்திருந்தது.

நான்கு வரி கேட்டார்கள், எழுதினேன்:
டால்பினை நாளைக் காலை இடியுங்கள்.
மதகுக்கு வெல்டரை அழையுங்கள்.
அதுவரை பம்பு வைத்து ஐந்தடி இறக்குங்கள்.
கீழ்த்தெருவில் இருபத்திரண்டு வீடுகள்,
போன் எண்கள் இத்துடன்.

இரண்டு நீலக் குறிகள்.
நெடுநேரம் கழித்து:
“லேக் வியூன்னு சொல்லித்தான் வித்தாங்க மேடம்.
ஐந்தடி இறக்கினா
வியூ எங்க இருக்கும்?”

வங்கக் கடலில் எதுவோ சுழல்வதாக
டிவியில் அம்புக்குறி சுற்றுகிறது.
தாசில்தார் அலுவலகத்தில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.
பூங்காவனத்துக்குப் போட்டேன்.
காலையில் வெள்ளைத் துணி ஏதாவது
அங்கே அலசிப் பார்த்துச் சொல்ல முடியுமா?
நிறம் மாறினால் என்னைக் கூப்பிட வேண்டாம்,
முதலில் தெருவைக் கூப்பிடுங்கள்.

“வெள்ளத் துணிக்கு எங்க போவேன்?
நாளைக்கு மழைன்னு
ஸ்கூலுக்கு லீவு விட்டுட்டாங்களே”
என்றவர், கொஞ்சம் நிறுத்தி,
“தலகாணி உறை ஒண்ணு கெடக்குது.
அத எடுத்துனு இப்பவே போறேன், இரு”
என்றார்.
போனை வைக்கவில்லை.
செருப்புச் சத்தம் கேட்கிறது.
தூறல் கேட்கிறது.