கோயிலுக்கு இருபது, கொடிக்கு நாற்பது

டிஜோன் ரயிலடியில் காலை எட்டேகாலுக்கு
என் வண்டி கிளம்பும்.
ஒன்பது இருக்கை. ஒன்று எனக்கு.
மிச்சத்தில் இன்று
ஓஸ்லோவிலிருந்து ஒரு பல்மருத்துவர், அவர் மனைவி,
தேனிலவுக்கு வந்த இடத்தில்
முதல் சண்டையையும் ஏற்றிக்கொண்ட இருவர்,
கொரியாவிலிருந்து ஓர் அம்மாவும் மகளும்,
தனியாக ஒரு கனடாக்காரர்.
எட்டாவதில் எல்லோருடைய குடைகளும்.

முதலில் கோட்டை நகரம்.
கோயிலுக்கு இருபது நிமிடம்,
கழிப்பறைக்குப் பத்து,
மணிக்கூண்டின் கீழ் நின்று படம் எடுக்க ஐந்து.
வாசலில் தலையில்லாத புனிதர்கள்.
புரட்சியில் உடைத்தது என்பேன்.
தலை போயும் கையிலிருக்கும் புத்தகத்தை
விடவில்லை பாருங்கள் என்பேன்.
பதினோரு வருஷமாக
அதே படியில் நின்று சொல்கிறேன்,
அதே இடத்தில் சிரிக்கிறார்கள்.

ரொட்டிக்கடை மூடியிருந்தது. திங்கட்கிழமை.
கதவில் ஒட்டிய தாள்களில்
ஒரு வீடு விற்பனைக்கு, ஒரு பூனையைக் காணவில்லை.
கொரிய மகள் பூனையைப் படமெடுத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு மேட்டுப் பாதை.
இரு பக்கமும் கொடிகள்
முழங்கால் உயரத்தில்,
கம்பிக்குக் கை கொடுத்தபடி.
வரிசைக்கு வரிசை தகர வாளி.
ஏதும் திருவிழாவா என்றார் கனடாக்காரர்.
ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.
இரவெல்லாம் எரிந்தவை என்றேன்,
தளிர்கள் குளிர் காய.
‘எவ்வளவு அழகு’ என்றாள் புதுப்பெண்.
காலையிலிருந்து அவள் பேசிய முதல் சொல்.

விடியற்காலை மைனஸ் நான்கு.
என் ஜன்னலிலிருந்து பார்த்தபோது
சரிவில் யாரோ ஒரு நகரத்தைக் கட்டியிருந்தார்கள்,
தெருவிளக்கு மட்டுமே உள்ள நகரம்.

சொலாஞ்ச் வாசலில் நின்றாள்.
இஸ்திரி போட்ட சட்டை, உதட்டில் சாயம்.
கன்னத்தோடு கன்னம் வைத்தபோது
தலைமுடியில் புகை.
‘எவ்வளவு?’ என்றேன் காதோடு.
‘கீழ்ச்சரிவு முழுசும்.’
பிறகு ஏழு பேரின் பக்கம் திரும்பி
‘வாருங்கள், நிலவறை குளிரும்,
போர்வை ஆணியில் தொங்குகிறது’ என்றாள்.

மூக்கை உள்ளே விடுங்கள், வெட்கப்படாதீர்கள்.
செர்ரி என்றார் ஒருவர்.
ஈர மண் என்றார் இன்னொருவர்.
பல்மருத்துவர் கொப்பளித்துத்
தொழில்சுத்தமாகத் துப்பினார்;
சொலாஞ்ச் நிஜமாகவே சிரித்துவிட்டாள்.
நான் தண்ணீர்.

மூன்றாவது கோப்பையின்போது
கொரிய அம்மா மகள் வழியாகக் கேட்டாள்:
இந்த வருஷத்து மது எப்படி இருக்கும்?

நாற்பது நிமிடத்தில் அதற்கு இடமில்லை.
சொலாஞ்ச் புட்டியின் கழுத்தைத் துடைத்தாள்.
துடைத்ததையே இன்னொரு முறை துடைத்தாள்.
‘கொஞ்சமாக இருக்கும்.’

அம்மா அவள் நகங்களைப் பார்த்தாள்,
கழுவியும் போகாத கரியை.
தன் மொழியில் நீளமாக ஏதோ சொன்னாள்.
மகள் தயங்கி, சுருக்கி:
‘எங்களுக்குப் பேரிக்காய்த் தோட்டம், நாஜுவில்.
பூக்கிற மாதம் எங்களுக்கும் தூக்கமில்லை.
அடியில் இன்னொரு மொட்டு வருமா என்று கேட்கிறாள்.’

‘வரும். காய்ப்புத்தான் பாதி.’

இரண்டு பேரும் வெளியே போய்விட்டார்கள்.
மற்றவர்கள் விலைப்பட்டியலைப் படித்தார்கள்.
கதவிடுக்கு வழியே பார்த்தேன்:
குனிந்து, கருகிய தளிரை நகத்தால் கிள்ளி,
உள்ளே பச்சை இருக்கிறதா என்று ஒருத்தி காட்ட
மற்றவள் அடுத்த கொடிக்குப் போகிறாள்.
மகள் நடுவில்,
மொழிபெயர்க்க ஒன்றுமில்லாமல்.

எழுபது நிமிடம்.
அடுத்த ஊரின் பழைய சலவைத் துறையை
இன்று விட்டுவிட்டோம்.
கனடாக்காரர் புகார் எழுதுவார். எழுதட்டும்.

திரும்பும்போது குடைகளின் மேல்
பல்மருத்துவரின் பன்னிரண்டு புட்டிகள்
வளைவுக்கு வளைவு கிணுகிணுத்தன.
அம்மா தூங்கிவிட்டாள்,
செருப்பில் சொலாஞ்சின் மண்ணோடு.
துளி மேகமில்லை.
என்ன வானம், என்ன வானம் என்றார்கள் எல்லோரும்.
நான் வெளிக்குளிர் காட்டும் எண்ணைப்
பார்த்தபடி ஓட்டினேன்.
ஒன்பது.
எட்டரை.