முப்பத்தொன்றேகால் சுற்று

அடைக்கலமேரியின் முகத்தை
நான் பார்த்ததெல்லாம் பரிசு மேடையில்தான்,
அதுவும் பக்கவாட்டில், ஒரு படி கீழே நின்று.
முதுகைக் கேளுங்கள், சொல்கிறேன்.

எண் துணியை நான்கு ஊக்குகள் பிடித்திருக்கும்.
வலது கீழ் ஊக்கு துருப்பிடித்தது.
சிவகங்கையில் மாவட்டப் போட்டி,
அவளுக்குப் பதினாறு, காலில் ஒன்றும் இல்லை,
அன்று குத்திய ஊக்கு
சென்னைக்கும் வந்தது, பாட்டியாலாவுக்கும் வந்தது.

பதினோரு வருடம்.
பத்தாயிரம் மீட்டர் என்றால் இருபத்தைந்து சுற்று.
எத்தனை இருபத்தைந்து என்று கணக்கு வைக்கவில்லை.
புதுவயல் அரிசி மில்லில் மூட்டை எண்ணுகிறவரின் மகள்
எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

பதினெட்டாம் சுற்றுவரை கூட வரவிடுவாள்.
பிறகு சடையை ஒருமுறை சொடுக்கிவிட்டுப்
போய்விடுவாள்.
கடைசி பஸ்ஸை விட்டவள்போல்
பார்த்துக்கொண்டே ஓடுவேன்.

ஒன்று மட்டும் பிடிபடவே இல்லை.
சுற்றுக்கு நான்கு இடத்தில்
இடது தோளை உள்ளே இழுத்துக்கொள்வாள்,
எதிலோ இடித்துவிடுவதுபோல்.
இடப்பக்கம் வெறும் புல்.
கோச் திட்டினார். வீடியோ எடுத்துக் காட்டினார்.
சுற்றுக்கு அரை விநாடி போகுது என்றார்.
சரி சார் என்றாள்.
அடுத்த வளைவில் இழுத்துக்கொண்டாள்.

ஆசியப் போட்டிக்குத் தகுதி நேரம்
ஒன்பது விநாடியில் தவறியபோது
அந்தத் தோள்தான் என்று பேசிக்கொண்டார்கள்.
நான் பேசவில்லை.
நான் இருநூறு மீட்டர் பின்னால் இருந்தேன்.

அவள் பிரசவத்துக்குப் போன வருடம்
தங்கம் எனக்கு வந்தது.
முப்பத்தெட்டு நிமிடம், சொல்லவே கூச்சம்.
முன்னால் முதுகு இல்லாமல்
எவ்வளவு வேகம் வேண்டும் என்று தெரியவில்லை.
மறுவருடம் வந்தாள்.
பால் கட்டிய மார்பைத் துணியால் இறுக்கிக்கொண்டு
அதே ஊக்கோடு வந்து
தன் சாதனையைத் தானே நான்கு விநாடி முறித்தாள்.
அதற்கடுத்த வருடம் கணுக்கால் எலும்பில்
தலைமுடி அகல விரிசல்.
ரயில்வே வேலை இருந்தது. போய்விட்டாள்.
நானும் ஓடுவதை விட்டேன்.
பின்தொடர ஆள் இல்லை என்று
யாரிடம் காரணம் சொல்வது.

தங்கச்சி மகள் கல்யாணப் பத்திரிகையோடு
போன மாசம் கானாடுகாத்தான் போனேன்.
விசாரித்து வந்து சேர்ந்தது ஒரு பூட்டிய வீடு.
வீட்டுக்காரர்கள் பினாங்கில்.
சாவி மேரியின் அம்மாவிடம்.
“அவ ஸ்டேஷன்ல டூட்டி” என்றார்.
கையில் விளக்குமாறு, பேச ஆசை.
“இந்த வீட்டச் சுத்தித்தான் ஓடுவா,
விடியக்காலம் மூணரைக்கு.
நூல் போட்டு அளந்தா, முந்நூத்தி இருவது மீட்டர்.
முப்பத்தொண்ணேகால் சுத்து, ஒரு நாளும் கொறையாது.
கடைசி கால் சுத்துக்கு இந்தக் கெணத்தடியில முடிப்பா.”

ஒரு சுற்று நடந்து பார்த்தேன்.
முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் இன்னொரு தெரு.
அடுத்த வீட்டுச் சுவர் நெருக்கும் சந்தில்
மூலை திரும்பினேன்,
என் இடது தோள் தானாக உள்ளே போனது.
முட்டை வெள்ளை போட்டு இழைத்த சுண்ணாம்பில்
அந்த மூலை மட்டும்
தோள் உயரத்தில் மழுங்கியிருந்தது.
மழை அரித்ததாகவும் இருக்கலாம்.

பாசஞ்சருக்கு நேரமாகிவிட்டது.
செட்டிநாடு ஸ்டேஷன் வரை,
இந்த உடம்போடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
ஓடினேன்.
கண்ணாடிக்குப் பின்னால் அவள்.
நேராக, முதன்முறையாக, முகம்.
என்னைப் பார்த்தாள். தெரியவில்லை.
“காரைக்குடி ஒண்ணு” என்று பணத்தைத் தள்ளினேன்,
அதற்குமேல் வார்த்தை வரவில்லை,
மூச்சுதான் வந்தது.

சில்லறை எண்ணிய விரல்கள்
நடுவில் நின்றன.
தலை நிமிரவில்லை.
காதை மட்டும் லேசாகத் திருப்பி,
“புதுவயலா?” என்றாள்.